நேர்ச்சை நடையும் நித்திய நடையும்



நேர்ச்சைக்காக வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ப் போகிறவர், செப்டம்பர் 8 திருநாள் கழிந்ததும் தெருக்கோடிக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போவதேன்? பக்தி குறைந்ததாலா? இல்லை. நேர்ச்சை ஒருமுறை எடுக்கும் தீர்மானம்; வழக்கம் வேறு. 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்கியபடி, ஒரே செயலைப் பலமுறை செய்வதால் வழக்கம் உண்டாகிறது; செயல் நின்றால் அது தேய்கிறது.

துடுப்பு வலித்த நம் பாட்டனார்களுக்கு உலாவப் போகும் அவசியம் இருக்கவில்லை. இன்று விசைப்படகு வந்துவிட்டது. உழைப்பை நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது. வாரத்தில் குறைந்தது 150 நிமிஷம் விரைந்து நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 5 நாள், தினம் அரைமணி. ஆனால் அரைமணி நடை கரைப்பதை ஒரு வடையும் சீனி போட்ட தேநீரும் திருப்பித் தந்துவிடும். (நடையை முடித்து நேரே கடையில் உட்காருகிறவர்கள் கவனிக்கவும்!) எடை குறைய உணவிலும் மட்டு வேண்டும். எடை இறங்காவிட்டாலும் நடை வீணல்ல. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பட அது உதவும்.

சரீரத்தைப் பேணுவது வீண்பெருமையோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். கண்ணாடிக்காக நடப்பவனுக்கு அப்படி ஆகலாம். படுக்கையில் விழுந்து பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாதே என்று நடக்கும் தாய்க்கு அதுவே பிறர்சிநேகம். இருவரும் நடக்கும் தூரம் ஒன்றுதான்.

நெஞ்சுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும். மற்றவர்கள் வெயில் ஏறுமுன் பத்து நிமிஷ நடையில் தொடங்கலாம்.