எல்லைச்சாமியின் அரிவாளும் தெங்காவின் குண்டுகளும்

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல காலி. ஆனாலும் எல்லையில் முனியாண்டி நிற்கிறார். பக்கத்தில் நட்ட சூலத்தில் எலுமிச்சம்பழம், கையில் ஓங்கிய அரிவாள். அதை நம்பித்தான் தலைமுறைகள் விடியாத இருட்டில் பால்வெட்டுக்குப் போயின. அப்படியானால் மிரட்டி நிற்கும் ஆயுதமும் காவல்தானா? அணு ஆயுத வல்லரசுகள் தங்கள் குண்டுகளுக்குச் சொல்லும் நியாயம் அதுதான்.

மலாக்காவுக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. துருக்கியில் சோவியத் மண்ணை எட்டும் தூரத்தில் அமெரிக்காவின் ஜூபிட்டர் ஏவுகணைகள் நின்றன; 1962இல் கியூபாவுக்குச் சோவியத் ஏவுகணைகள் வந்ததும் உலகமே பதறியது. அதே ஆண்டில், மலாக்காவிலிருந்து 200 கிலோமீட்டர்கூட இல்லாத சிங்கப்பூரின் தெங்கா விமானத் தளத்தில், சீனாவை மனத்தில் வைத்து 48 ‘ரெட் பியர்ட்’ அணுகுண்டுகளுக்கு பிரிட்டன் ரகசியமாகக் கிடங்கு அமைத்தது. மலாக்காவிலேயே, சுங்கை ஊடாங் கடலோரத்துத் தெரெண்டாக் முகாமில் அப்போது காமன்வெல்த் படைகள் இருந்தன. பொதுமக்கள் தெங்கா விஷயத்தை அறிய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

முனியாண்டியின் அரிவாளை ஊரே பார்க்கிறது. அது தப்புச் செய்தவன் மேல்தான் விழும் என்பது நம்பிக்கை. அணுகுண்டோ கைக்குழந்தையையும் விடாது. அந்த மிரட்டல் பலிக்க வேண்டுமானால், போடவும் துணிந்த மனம் வேண்டும். குண்டு விழாவிட்டாலும், லட்சம் பேரைக் கொல்லச் சம்மதித்த அந்த மனம் பாவத்தில்தான் நிற்கிறது.

மகாபாரதம் இதை ஆழமாகவே யோசித்திருக்கிறது. போர் முடிந்தபின் அசுவத்தாமன் பிரம்மாஸ்திரத்தை ஏவுகிறான், அர்ஜுனனும் ஏவுகிறான். வியாசரும் நாரதரும் இடையில் வந்து நிற்கிறார்கள். அர்ஜுனன் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு ஏவத் தெரியும், திருப்பத் தெரியாது. அது உத்தரையின் கருவில் போய்ப் பாய்கிறது.

இன்றைய ஏவுகணைகள் அசுவத்தாமன் வகை, புறப்பட்டால் திரும்பாது. அதை எதிரியின் எல்லையோரம் கொண்டுபோய் நிறுத்தினால், அவன் யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்களே. வியாசர் நடுவில் வந்து நிற்க நேரமே இல்லை. கியூபாவில் 13 நாள் இருந்தது, பேச முடிந்தது.

1996இல் அனைத்துலக நீதிமன்றம் அணு ஆயுதம் பற்றிக் கருத்துரைத்தபோது, மாறுபட்ட தீர்ப்பெழுதிய இலங்கை நீதிபதி வீரமந்திரி ராமாயணத்தையும் பாரதத்தையும் சான்றாகக் காட்டினார். அந்த வழக்கில் மலேசியாவும் வாதிட்டது.

தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் பாங்காக் ஒப்பந்தம் 1995இல் கையெழுத்தாகி 1997இல் அமலுக்கு வந்தது. அதை மதிப்பதாக உறுதியளிக்கும் இணைப்பு உடன்பாட்டில் ஐந்து அணு வல்லரசுகளில் ஒன்றுகூட 2024 முடியும்வரை கையெழுத்திடவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா பிலிப்பீன்ஸின் லூசோன் தீவில் டைஃபோன் ஏவுகணை அமைப்பைக் கொண்டுவந்து இறக்கியது. அது அணு ஆயுதம் இல்லை. ஆனால் அதன் டோமஹாக் ஏவுகணைக்குச் சீனக் கரை எட்டும் தூரம்தான். யோசிக்கும் நேரம் அங்கேயும் சுருங்குகிறது.