கல்லுக்குள் தேரை, கண்ணாடிக்குள் தவளை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். நாளையை நினைத்துக் கலங்குபவரைத் தேற்றச் சொல்லும் வார்த்தை அது. தேரை அதில் வெறும் உவமை. அதன் நிலையை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு நான்கு குட்டைத் தவளைகள் வந்தபின் அந்த வார்த்தையை மறுபக்கத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினேன். தேரையைச் சுற்றிக் கல்லை எழுப்பியவரே நாம் என்றால், நம் கடமை என்ன?

ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை 4 சென்ரிமீற்றர் அளவே வளரும். வாழ்நாள் முழுவதும் நீரில் இருந்தாலும் சுவாசிப்பது நுரையீரலால்தான். மூச்செடுக்க மேலே வந்து போக வேண்டும். நாக்கு இல்லை, பார்வை மந்தம். மீன்களோடு விட்டால், இது இரையைக் கண்டுபிடிப்பதற்குள் அவை தின்று முடித்துவிடும். ஆகவே உறைபுழுவைச் சிறு இடுக்கியில் பிடித்து, அதன் மூக்கருகே நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்காவிட்டால் தோல்வழியே நஞ்சேறும். தொட்டிக்கு மூடி இல்லாவிட்டால் வெளியே குதித்து உலர்ந்து சாகும். ரொறன்ரோவில் பனி கொட்டும் சனவரியிலும் அதன் நீர் 25 பாகையில் இருக்க வேண்டும். அதன் உலகத்தில் நாம் கொடுக்காத பொருள் என்று ஒன்றுகூட இல்லை.

நண்பர் ஒருவர் கடையில் குட்டைத் தவளை என்று சொல்லி விற்றதை மகளுக்காக வாங்கினார். உண்மையில் அது நகத்தவளையின் குஞ்சு. குட்டைத் தவளையின் முன்கால் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும், நகத்தவளைக்கு இருக்காது. இந்த வேறுபாடு வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஓராண்டில் அது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, தொட்டியிலிருந்த மீன்களை எல்லாம் விழுங்கிவிட்டது. "பாவம் மச்சான், ஓடையில விட்டிடுவம். அதுவும் ஒரு சீவன்தானே, எங்கயாவது போய்ப் பிழைக்கட்டும்" என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். இரக்கத்தினால்தான் அப்படிச் சொன்னார்.

அந்த இரக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நகத்தவளை தென்னாப்பிரிக்காவுக்கு உரியது. 1930களில் கேப்டவுனில் லான்சலொட் ஹொக்பன் என்ற விலங்கியலாளரின் ஆய்விலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசிமூலம் ஏற்றினால், அவர் கர்ப்பிணியாக இருக்கும்பட்சத்தில் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். 1960கள் வரை இதற்காகப் பல்லாயிரம் தவளைகள் உலகெங்கும் கப்பலேறின. இரசாயனப் பரிசோதனைகள் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. ஆய்வகங்களிலிருந்து தப்பியவையும், வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டவையுமாகக் கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ் எனப் பல இடங்களில் அவை வேரூன்றின. சான் பிரான்சிஸ்கோ பூங்காக் குளமொன்றை, இவற்றை ஒழிப்பதற்காகவே வற்றவைக்க வேண்டியிருந்தது. உலகெங்கும் தவளையினங்களைக் கொன்றுவரும் கைற்றிரிட் பூஞ்சணத்தை இவை தாம் நோயுறாமலே சுமக்கவும் கூடும். நண்பரின் தவளை ஓடைக் குளிரில் செத்திருக்கலாம். சாகாமல் இருந்திருந்தால் அந்த ஓடையின் சொந்தத் தவளைகளுக்கு அது இன்னும் மோசம்.

நாம் போற்றும் கொடைக் கதைகள் ஒரு கணத்தில் நிறைவடைபவை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிடுவதும் அந்த வகைதான். திறந்தவரின் மனம் நிறைகிறது, அதற்குப் பிறகு அவருக்கு வேலையில்லை. வள்ளலார் காட்டிய சீவகாருண்யம் வேறு. பசி தீர்ப்பதை அவர் அதன் மையமாக வைத்தார். பசியோ இன்று தீர்ந்தால் நாளை திரும்பி வரும். வடலூர்த் தருமசாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது அதனால்தான்.

அப்படியானால் தவளையை அடைத்து வளர்ப்பது சரியா? சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. புலம்பெயர்ந்த நம்மையே தொட்டித் தவளையோடு ஒப்பிட ஆசை வரும். அந்த ஒப்பீடு பொருந்தாது. நம்மில் சிலர் விரும்பி வந்தோம், பலர் உயிர் தப்பி வந்தோம். தவளை எங்கிருந்தும் தப்பவில்லை, எதையும் கேட்கவுமில்லை. இரவில் ஆண் தவளை நீருக்குள் முனகும் ஒலி எங்களுக்கு இன்பம். அதற்கு ஈடாக அது பெறுவது அவ்வளவாக இல்லை. ஆனால் 'வளர்ப்பது சரியா' என்பது கடைவாசலில் கேட்க வேண்டிய கேள்வி. வாங்கிய பிறகு அதைக் கேட்பவருக்குக் குற்றவுணர்வே கைகழுவ ஒரு சாட்டாகிவிடுகிறது. தவறாகத் தொடங்கிய உறவு என்பதால் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. விடுவதற்கு இடமில்லாத உயிருக்கு விடுதலை என்ற பெயரில் நாம் கொடுப்பது நம் விடுதலையைத்தான்.

நண்பர் அதை விடவில்லை. பெரிய தொட்டி வாங்கினார். இப்போது அதற்கு ஒன்பது வயது. நகத்தவளை 15 ஆண்டு வாழ்வது சாதாரணம், 20ஐத் தாண்டியவையும் உண்டு. மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள், தவளை அவரோடு இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் வீட்டுத் திறப்பையும் ஒரு பக்கம் நிறைய எழுதிய குறிப்பையும் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன்மேல் அவருக்குப் பெரிய அன்பு இருப்பதாகத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் தவறாமல் நீர் மாற்றுகிறார்.