களா கத்ரும் கருவிலிருக்கும் பிள்ளையும்



ஒரு வீட்டில் குறையோடு குழந்தை பிறந்துவிட்டால் நம்மவர்கள் முதலில், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்கிறார்கள். சற்று நேரம் போனதும் அதே வாயினால், "கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள், பெரியவர்கள் பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள்" என்று பெற்றவளின் தலையில் பழியைப் போடுகிறார்கள். நாட்டம் இறைவனுடையதாம், குற்றம் மட்டும் அந்தப் பெண்ணுடையதாம்! இந்தக் கணக்கு நமக்கு நேராகவில்லை.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் உண்டாகும் பிறவிக்குறையை எடுத்துக்கொள்வோம். கரு தரித்ததும், மெல்லிய தகடு போலிருக்கும் ஒரு பாகம் இரு ஓரமும் எழும்பிச் சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. அதன் மேற்பகுதி மூளையாகவும் கீழ்ப்பகுதி முதுகுத்தண்டின் உள்நரம்பாகவும் வளர்கின்றன. மேலே மூடாமற்போனால் மூளையும் மண்டையோடும் சரிவர உருவாகா. அப்படிப்பட்ட குழந்தை இறந்தே பிறக்கும், அல்லது பிறந்து சொற்ப காலத்தில் இறந்துவிடும். கீழே மூடாமற்போனால் முதுகில் பிளவு. பலருக்குக் கால்கள் வழங்கா, சிறுநீர் அடங்காது, தலையில் நீர் கோத்துக்கொள்ளும். ஆயினும் அறுவைச் சிகிச்சை பெற்று, படித்து, தொழில் செய்து வாழ்பவர்களும் அநேகர் உண்டு.

இந்த மூடும் வேலை கரு தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. முழுகாமலிருக்கிறாளோ என்று சந்தேகம் வந்து, அது நிச்சயப்பட்டு, சேதி கணவர் காதுக்கு எட்டி, டாக்டரிடம் போய் மருந்துச் சீட்டு வாங்குவதற்குள் அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றுபோயிருக்கும். கப்பல் புறப்பட்ட பிறகு சரக்கு மூட்டை கட்டுவது போலத்தான் அது. தனக்கே தெரியாத நாட்களில் நடந்துவிட்ட காரியத்திற்கு ஒரு பெண்ணை எப்படிக் குற்றவாளியாக்குவது?

ஆனால் தடுக்க வழி இருக்கிறது. முன்பு இக்குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார்களிடையே ஏழு நாடுகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1991-ல் வெளிவந்தது. போலிக் ஆசிட் என்னும் சத்தை முன்கூட்டியே உண்டவர்களுக்கு இக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும், மற்றத் தாய்மார்களுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமன்று என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சத்தின் கதையில் நம் சமூகத்துப் பெண்களும் இருக்கிறார்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பீடித்த கடும் சோகையை ஆராய்ந்தார். அதிகம் அவதிப்பட்டவர்கள் ஏழை முஸ்லிம் பெண்களே. அவர்கள் உண்ட உணவே மிகவும் சத்தற்றதாக இருந்தது. மார்மைட் கொடுத்தால் அந்தச் சோகை நீங்குகிறது என்று 1931-ல் எழுதினார். நம் கடை அலமாரியில் இன்றும் நிற்கும் மார்மைட்தான்! பிறகு 1941-ல் பசலைக்கீரையிலிருந்து இந்தச் சத்தைப் பிரித்தெடுத்து, இலைக்குரிய லத்தீன் சொல்லைக்கொண்டு பெயரிட்டார்கள்.

இதெல்லாம் கத்ரை மீறுவதாகாதா என்று கேட்போர் ஹஜரத் உமர் (ரலி) அவர்களின் சரிதையைப் பார்க்கட்டும். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்றறிந்து அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். கிரகணப் பேச்சுக்கும் விடை உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. ஜனங்கள் இரண்டையும் சேர்த்துப் பேச, எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். தம் பிள்ளையை இழந்த துக்கத்தில் சொன்ன வார்த்தை அது.

அப்படியானால் கடமை யாருடையது? மாவு விற்கும் நமக்கும் அதில் பங்குண்டு. அமெரிக்காவில் 1998 முதல் மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் போலிக் ஆசிட் சேர்க்கவேண்டுமென்பது சட்டம். அதனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,300 குழந்தைகள் இக்குறையில்லாமல் பிறப்பதாக அந்நாட்டுச் சுகாதார இலாகா கணக்கிட்டிருக்கிறது. ஊராரைக் கேளாமல் அவர்கள் ரொட்டியில் ஒன்றைச் சேர்ப்பது கலப்படமல்லவா என்பது சிலருடைய வாதம். முதியவர்களுக்கு உள்ள பி12 சத்துக்குறைவை அது மறைத்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. 1991 சோதனையை முன்னின்று நடத்திய பிரிட்டனே இந்தத் தயக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, 2024-ல்தான் மாவில் சேர்க்கச் சட்டம் செய்தது.

கலப்படம் என்றால் வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததா? ஈரத் தானியத்தை அடியில் ஒளித்து, காய்ந்ததை மேலே பரப்பியவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது மறைத்ததற்காகவே. பையின்மேல் எழுதி, அளவும் சொல்லி, நன்மைக்காகச் சேர்ப்பதை அதோடு ஒப்பிடலாகாது. கொள்முதல் செய்யும்போது அந்த எழுத்தைப் படித்துப் பார்த்து, இரண்டு மாவில் சத்துள்ளதைக் கடையில் வைப்பது நமக்குப் பெரிய பாரமுமல்ல.

மாவு மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் கோதுமை மாவில் சேர்த்தார்கள். மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள் அன்றாடம் உண்ணும் மக்காச்சோள மாவில் சேர்க்க 2016-ல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை அந்த வீடுகளுக்குப் பலன் குறைவாகவே போய்ச் சேர்ந்தது. நம் வீடுகளிலோ மூன்று வேளையில் இரண்டு வேளை சோறு. கீரையும் பயறும் கடலையும் நல்லவைதான். ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிற வீட்டில் அந்தச் சத்தும் தண்ணீரோடு போய்விடும். ஆகவே மாத்திரைதான் நிச்சயமான வழி. கரு தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் 2,500-ல் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் முடியும்வரை உண்ணவேண்டும். நிக்காஹுக்குப் பந்தலும் பிரியாணிச் சட்டியும் எழுதும் பட்டியலில் இதற்கும் ஒரு வரி எழுதலாம். மாப்பிள்ளையே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நன்று.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகள் குறையோடு பிறக்கவே செய்வர். எல்லாக் காரணமும் இந்த ஒரு சத்தில் அடங்கவில்லை. அடங்காத நீரிழிவு ஒரு காரணம், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்து மற்றொன்று. அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், பிள்ளைப்பேற்றை எண்ணும்போதே டாக்டரிடம் சொல்லவேண்டும். முன்பு இக்குறையுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மாத்திரையின் அளவு பத்து மடங்குக்குக் குறையாது. அதையும் டாக்டரே எழுதித் தரவேண்டும்.