"ஒண்ணுமில்ல, விடுங்க" என்பதும் "ச்சீ" தானா?



வீட்டில் எல்லோரும் கூடிப் பேசிக் கொண்டிருக்கிறோம். பேரன் ஏதோ சொல்ல, அனைவரும் சிரிக்கிறார்கள். நாற்காலியில் இருக்கும் அத்தா, "என்னப்பா சொன்னான்?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்லத்தா, விடுங்க" என்கிறோம். இது குற்றமா?

பனீ இஸ்ராயீல் சூராவின் 23வது வசனம் முதுமையடைந்த பெற்றோரிடம் "ச்சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது எனத் தடுக்கிறது. அந்த ஒரு சொல் மட்டுமல்ல, சலிப்பைக் காட்டும் எதுவும் அதில் அடங்கும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குவார்கள். அதோடு வசனம் நின்றுவிடவில்லை. அவர்களிடம் கண்ணியமாகப் பேசவும் கட்டளையிடுகிறது. திட்டாமல் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். வசனமோ பேசச் சொல்கிறது.

பேச்சு நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஃபிராங்க் லின் குழுவினர் 639 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2011ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காது லேசாக மந்தமானவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடுமையாகக் கேளாதவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. காது கேளாதவர்களுக்கெல்லாம் மறதி வரும் என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், தனிமையாகிறார். அரைகுறையாகக் கேட்பதைப் புரிந்து கொள்ளவே மூளையின் சக்தி செலவாகிறது. காரணங்களாக மருத்துவர்கள் இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

காது கேட்கும் கருவி இதைத் தடுக்குமா? 2023ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே மறதிக்கான ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் அறிவுத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. அறிந்த பின் எதையும் அறியாமல் போகும் தள்ளாத வயதைப் பற்றி அந்நஹ்ல் சூராவின் 70வது வசனம் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் அதிலிருந்து பாதுகாவல் தேடினார்கள். துஆச் செய்பவர் மருந்தையும் தேடத்தான் வேண்டும்.

"நான் கத்தித்தான் பேசுகிறேன், அவருக்குத்தான் கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு. முதுமையில் முதலில் குறைவது மெல்லிய, உச்ச ஸ்தாயி ஓசைகள். குரல் கேட்கும், ச, த போன்ற எழுத்துக்கள் நழுவிவிடும். கத்தினால் கோபம்தான் அவருக்குக் கேட்கும். முகத்துக்கு நேராக அமர்ந்து, நிதானமாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். தர்மங்களைப் பட்டியலிடும் ஹதீஸ் ஒன்று அபூதர் (ரலி) அறிவிப்பாக முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. செவிடருக்குக் கேட்கச் செய்வதும் அதில் ஒரு தர்மம். எதுவரை? அவர் விளங்கிக் கொள்ளும் வரை! ஒரு தடவை சொல்லிவிட்டேன் என்பது அங்கே கணக்கில் வராது.

பல்கைச் சேர்ந்த ஹாத்திம் (ரஹ்) ஹிஜ்ரி 237ல் வஃபாத்தானவர்கள். அவர்களிடம் மஸ்அலா கேட்க வந்த பெண்ணுக்கு எதிர்பாராமல் காற்றுப் பிரிந்துவிட்டது. "சத்தமாகச் சொல்லம்மா, காது கேட்கவில்லை" என்றார்கள். அப்பெண்ணின் வெட்கம் தீர்ந்தது. அன்று முதல் செவிடர் போலவே நடந்ததால் "அல் அஸம்மு", செவிடர், என்ற பெயரே நிலைத்தது. பிறருடைய மானம் காக்க, கேட்டும் கேளாதவராக இருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் தம் மானம் காக்க, கேட்காமலேயே கேட்டது போல் தலையாட்டுகிறார்கள். மூன்றாம் முறை "என்ன?" என்று கேட்டால் நம் முகம் மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கருவியை ஜகாத் பணத்தில் வாங்கித் தரலாமா என்று கேட்கிறார்கள். அவர் ஏழையாக இருந்தால், அவருக்கே உடைமையாக்கித் தரலாம். பெற்ற தாய் தந்தைக்கு என்றால் ஜகாத் கூடாது. வசதியுள்ள பிள்ளை தன் சொந்தப் பணத்தில்தான் வாங்கித் தர வேண்டும், பேட்டரி உட்பட.