இறக்கையில் ஒரு பெருவிரல்

பத்து வயதில் நான் செய்த முதல் மாடல் விமானம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் கிட், ஸ்பிட்ஃபயர். சித்தப்பா லண்டனிலிருந்து வரும்போது வாங்கி வந்தார். 1953இல் ஏர்ஃபிக்ஸ் முதன்முதலாக வெளியிட்ட விமானமும் ஸ்பிட்ஃபயர்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அசலை 72 மடங்கு சுருக்கிய அளவு. ஆறடி ஆள் இதில் ஓர் அங்குல உயரம்தான் இருப்பார்.

இந்த வேலைக்கு வாங்கும் பசையைப் பசை என்கிறோமே தவிர, அது வெறுமனே ஒட்டுவதில்லை, கரைக்கிறது. கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் பட்ட இடம் இளகும். இளகிய இரண்டு விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். திரவம் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாக இறுகிவிடும். ஆகவே இங்கே பாதி வேலை காத்திருப்பதுதான்.

பத்து வயதில் ஏது காத்திருப்பு? சாயங்காலத்துக்குள் பறக்கவிட வேண்டும். பசை வழிந்த பெருவிரலோடு இடது இறக்கையை அழுத்திப் பிடித்தேன். எடுத்துப் பார்த்தால் என் ரேகை சுழியோடு அப்படியே பதிந்திருந்தது. பச்சையும் பழுப்பும் பூசினேன். வண்ணத்துக்கு அடியிலிருந்தும் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

இப்போது ஒரு விமானத்துக்கு மூன்று மாதம் ஆகிறது. ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் நுனியை நோக்கி 6 டிகிரி மேலேறும். அந்த ஏற்றம் ஒரு பக்கம் குறைந்தாலும் விமானம் நொண்டுவதுபோல் தெரியும். இரண்டு நுனிக்கும் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து, மூக்குக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்து, ஒரு தாள் கனம் செருகி, மறுபடி பார்த்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவேன். காலை வரை தொடுவதில்லை. விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் போய்ப் பார்க்கும் அந்த நிமிஷத்துக்காகவே இத்தனை வருஷமும் இதை விடாமல் செய்கிறேன் என்று சொல்லலாம்.

பசைக் கறையை எடுப்பதும் இன்று பெரிய காரியமில்லை. நன்றாகக் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போயே போய்விடும். வேறு விமானங்களில் எத்தனையோ முறை அப்படிப் போக்கியிருக்கிறேன். அந்த முதல் ஸ்பிட்ஃபயரில் மட்டும் கை வைக்கவில்லை.

போன வாரம் தூசு தட்டும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் பிடித்தேன். பக்கத்தில் என் பெருவிரலையும் வைத்தேன். அதே சுழி, அதே இடத்தில் பிரியும் அதே கோடுகள். விரல் வளர வளரக் கோடுகளின் இடைவெளிதான் அகன்றிருக்கிறது. இறக்கையில் இருப்பது இந்த விரலேதான், அளவு மட்டும் சிறியது.