வாய்மைக்கு வாடகை வீடில்லை!

நியூயார்க் மாநகரம். மன்ஹாட்டன் தீவிலே விண்ணை முட்டும் அடுக்குமாளிகைகள். அவற்றிலே ஆயிரமாயிரம் வீடுகள். வீடு தேடி வருகிறான் ஒருவன். கையிலே பணமுண்டு, கண்ணியமான வேலையுண்டு, உடன் ஒரு நாயும் உண்டு. மறைக்கவில்லை அவன். "நாய் வளர்ப்போர்க்கு இடமில்லை" என்கிறார் வீட்டுக்காரர். கதவு சாத்தப்படுகிறது.

"என் வீடு, என் விருப்பம்" என்பது அவர் வாதம். உடைமைக்கு உரிமை உண்டு, மறுப்பாரில்லை. ஆனால், தோழர்களே! மாதந்தோறும் வாடகை பெறுபவர், சுவரையும் கூரையையும் மட்டுமா தருகிறார்? அங்கே வாழும் உரிமையையும் சேர்த்தன்றோ தருகிறார்! குடியிருப்பவன் எதைப் படிக்கலாம், எதன்மீது அன்பு செலுத்தலாம் என்று ஆணையிடும் அதிகாரமும் அந்த வாடகையிலே அடங்குமோ?

அதற்காக அவருடைய அச்சமெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. இரவெல்லாம் குரைக்கும் நாயுண்டு, கடிக்கும் நாயுண்டு, கதவைப் பிறாண்டிக் கெடுப்பதும் உண்டு. நாயின் நெருக்கத்தால் மூச்சுத் திணறும் அண்டை வீட்டாரும் உண்டு. அவருக்கும் நிம்மதி வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது, "கேடு விளைந்ததா?" என்பதே.

அந்த நகர மன்றம் 1983-இல் ஒரு சட்டம் செய்தது. வீட்டுப் பஞ்சம் நிலவிய நேரம். பல ஆண்டுகளாக நாய் இருப்பதை அறிந்தும் வாளாவிருந்த உரிமையாளர் சிலர், திடீரென ஒப்பந்தத்தைத் தூசு தட்டி எடுத்து, "நாய் வளர்க்கிறாய், வெளியேறு!" என்றனர். நாய் தொல்லை தந்ததாலா? இல்லை. வேறு கணக்கு இருந்தது. இதைத் தடுக்கவே சட்டம் வந்தது. மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட கட்டடத்திலே ஒருவர் ஒளிவுமறைவின்றி விலங்கை வளர்த்து, அதை அறிந்த உரிமையாளர் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிடில், தடை விதி செல்லாது. தொல்லை தரும் விலங்குக்கு மட்டும் இந்தக் காப்பு இல்லை.

நல்ல சட்டம்தான். ஆயினும் அது யாரைக் காத்தது? உள்ளே இருப்பவரை! வாயிலிலே நின்று, "என்னிடம் நாய் உண்டு" என்று உண்மை உரைப்பவனுக்கு அங்கே காப்பில்லை. "வளர்க்க மாட்டேன்" என்று கையொப்பமிட்டு, பிறகு நாயைக் கொண்டுவந்து, மூன்று மாதம் தப்பியவனுக்கோ காப்புண்டு. மெய் சொன்னவன் வீதியிலே. வாய் மூடியவன் வீட்டிலே! மீறும் எண்ணத்தோடு கையொப்பமிடுவது அறமன்று. ஆனால் உண்மைக்குத் தண்டம் விதிக்கும் ஒரு முறையை அமைத்து வைத்துவிட்டு, பொய் பெருகிவிட்டதே என்று புலம்புவது பகுத்தறிவாகுமா?

பிரான்சு நாட்டிலே வேறு வழி கண்டனர். வீட்டு விலங்கை வளர்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலே எழுதினாலும், அது எழுதாததற்கு ஒப்பாகும் என்றது 1970 சூலை 9-ஆம் நாள் சட்டம். அந்த விலங்கு கட்டடத்தைக் கெடுக்கக் கூடாது. அங்கு வாழ்வோரின் அமைதியைக் குலைக்கக் கூடாது. அதுவே நிபந்தனை. தாக்கும் இனம் எனச் சட்டம் வகைப்படுத்திய நாய்களை மட்டும் ஒப்பந்தத்தால் தடுக்கலாம். அங்கே எவரும் ஒளிக்க வேண்டியதில்லை.

"நாய்தானே! விட்டுவிட்டு வரட்டுமே" என்பர் சிலர். 2005-இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்சு நகரை வெள்ளக் காடாக்கியபோது, வளர்ப்பு விலங்கை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வெள்ளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டோர் பலர். அடுத்த ஆண்டே, மீட்புத் திட்டங்களில் வீட்டு விலங்குகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. உயிரச்சத்தாலும் அறுக்க முடியாத பாசத்தை வாடகைச் சீட்டின் ஒரு வரி அறுத்துவிடுமா?

சேதம் விளைந்தால் ஈடு பெறட்டும். தொல்லை மெய்ப்பிக்கப்பட்டால் விலங்கை வெளியேற்றட்டும். அண்டை வீட்டாரின் நலன் காக்கப்படட்டும். இவற்றையெல்லாம் செய்யச் சிறிது சிந்தனை வேண்டும், சிறிது உழைப்பும் வேண்டும். அந்த உழைப்புக்குச் சோம்பி, ஒரே சொல்லால் அனைவரையும் விலக்குவது எளிது. எளிது என்பதால் மட்டும் ஒரு விதி நீதியாகிவிடாது.