பேச்சுக்குப் போட்ட வரி

2018 ஜூலை 1 முதல் உகாண்டாவில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் பார்க்க நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி விதிக்கப்பட்டது. கட்டினால்தான் செயலி வேலை செய்தது. கட்டியது கைபேசியிலேயே பணம் அனுப்பும் மொபைல் மணி வழியாக. அதற்கும் அதே நாளில் 1 சதவீத வரி வந்தது. கம்பாலாவில் வாடகைக்கு பைக் ஓட்டுகிறவருக்குச் சவாரி வாட்ஸ்அப்பில் வந்தது என்றால், முதல் சவாரியின் காசு கைக்கு வருமுன்பே அரசுக்குக் கட்டிவிட வேண்டியிருந்தது.

அதிபர் முசவேனி சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. சமூக ஊடகங்களில் வீண் பேச்சு பெருகிவிட்டது. அந்த அரட்டைக்காக நாட்டுப் பணம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகிறது.

இரண்டாவதில் உண்மை உண்டு. கம்பாலாவில் பார்க்கப்படும் விளம்பரத்தின் லாபம் எங்கோ தொலைதூரத்தில் கணக்கில் ஏறுகிறது. உள்நாட்டில் கிளையோ அலுவலகமோ இல்லாத நிறுவனத்தின் லாபத்தில் கைவைக்கப் பழைய வரி ஒப்பந்தங்கள் இடம் கொடுப்பதில்லை. அந்த லாபம் எட்டவில்லை, ஏழையின் கைபேசி எட்டியது. அரசு அதைப் பிடித்துக்கொண்டது.

ஒருவரிடம் வாங்க முடிகிறது என்பதாலேயே வாங்குவது நியாயமாகிவிடுமா? அரசின் பாதுகாப்பில் அவரவர் அடையும் வருமானத்துக்கு ஏற்பவே வரி இருக்க வேண்டும் என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். அமைச்சருக்கும் 200, கூலிக்காரருக்கும் 200 என்ற கணக்கு இங்கே நிற்காது. அதைவிடக் கொடியது முதல் காரணம். எது வீண் பேச்சு என்று ஆள்பவர் முடிவு செய்து அதற்கு விலையும் வைத்தால், காசில்லாதவரின் குரல் அன்றைக்கு அடைபட்டுப்போகிறது. குடிமக்களின் பேச்சு அரசு விற்கும் சரக்கல்ல.

மக்கள் சும்மா இருக்கவில்லை. பாடகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பாபி வைன் தலைமையில் தெருவில் இறங்கினார்கள். பலர் இணையப் பயன்பாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு வரியிலிருந்து தப்பினார்கள். மொபைல் மணி வரி 0.5 சதவீதமாகக் குறைந்து, பணம் எடுப்பதற்கு மட்டும் என்றானது. சமூக ஊடக வரியில் முதல் ஆண்டு எதிர்பார்த்தது 284 பில்லியன் ஷில்லிங்; வந்தது சுமார் 50 பில்லியன்.

2021இல் அதைக் கைவிட்டு, இணைய டேட்டா மீது 12 சதவீதம் போட்டார்கள். பாரம் பழைய தோளிலேயே இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் உகாண்டாவில் ஈட்டும் டிஜிட்டல் வருமானத்துக்கு 5 சதவீத வரி 2023இல்தான் வந்தது. முதலில் வந்திருக்க வேண்டிய வரி அது. அது வந்த பிறகும் பைக் ஓட்டுகிறவர் வாங்கும் டேட்டா மீதான 12 சதவீதத்தை அரசு விட்டுக்கொடுக்கவில்லை.